ஒரு நாள் முன்னால் வந்த கூடை

“விஷம் இருக்குமோன்னு போலீஸே சந்தேகப்படற பாட்டிலைத் திறந்து குடிக்கப்போற முதல் துப்பறிவாளர் நீங்கதான் பாஸ். கார் சாவியை முதல்ல இங்க குடுங்க. நான் வீடு போய்ச் சேரணும்.”

நுன்சியா கையை நீட்டினாள். அமாத்தோ சாவிக்குப் பதிலாகப் பாட்டிலின் மூடியை அந்தக் கையில் வைத்தார்.

“பூனையைப் பாத்தியா?” என்றார்.

ஜன்னல் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடையிலிருந்து இரண்டு மீனைத் திருடித் தின்ற பூனை. இன்றைக்குச் செவ்வாய். அது முன்னைவிடக் கொழுத்தே இருந்தது.

“பூனை மீனைத்தான் தின்னுது. ஒயினைக் குடிக்கலையே.”

“அதுக்குத்தான் நான் இருக்கேன்” என்று அமாத்தோ ஒரு கிளாஸைத் தேட ஆரம்பித்தார்.

இருபத்தைந்து வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, அவெல்லினோ நகரில் தனியாக அலுவலகம் போட்டிருப்பவர் அமாத்தோ. பேச்சு குறைவு, தொப்பை ஜாஸ்தி. அவர் மிச்சம் வைக்கும் பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவது உதவியாளர் நுன்சியாவின் வேலை. சம்பளத்தில் அது சேராது, அவளாகச் செய்வது.

அவர்கள் நின்றது தூஃபோ கிராமத்தில் ஜெரார்தோவின் சமையலறையில். ஜெரார்தோவுக்கு எழுபத்து நான்கு வயது. ஞாயிறு இரவு படுத்தவர் திங்கள் காலை எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அத்தோடு முடிந்திருக்கும், அந்தக் கூடை மட்டும் வராமல் இருந்திருந்தால்.

எங்கள் மலைப்பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அக்கம்பக்கத்தாரும் உறவும்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும். கொன்சோலோ என்போம். வெறும் பாத்திரம் வராது. தட்டு, கரண்டி, துணி, ரொட்டி, ஒயின், பிளாஸ்க்கில் காப்பி, காப்பிக்குச் சர்க்கரை என்று எல்லாமே கூடையில் வந்துவிடும். துக்கத்தில் இருப்பவர்கள் ஒரு அலமாரியைக்கூடத் திறக்க வேண்டாம் என்பதுதான் கணக்கு. கொண்டுவந்தவர் நன்றியை எதிர்பார்த்து நிற்கவும் மாட்டார். வைத்தார், போனார்.

அப்படி ஒரு முழு கொன்சோலோக் கூடை ஜெரார்தோ வீட்டு வாசலுக்கு வந்தது. ஆனால் அவர் சாவதற்கு முன்னால், ஞாயிறு மத்தியானமே வந்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்து மோதெஸ்தினோவுக்கும் அவருக்கும் மழைத்தண்ணீர் வாய்க்கால் விஷயமாக நெடுநாள் தகராறு. ஆகஸ்டில், மதுக்கடையில் பத்துப் பேர் கேட்க, “நீ செத்தா உன் வீட்டுக் கொன்சோலோவை முதல்ல நான்தான்டா கொண்டுவருவேன்!” என்று மோதெஸ்தினோ கத்தியிருந்தார். திங்கள் காலையே இன்ஸ்பெக்டர் அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். கூடையில் மாதிரி எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டுப் போனார்கள். பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம்.

“மோதெஸ்தினோவுக்கு வாய்தான் தம்பி. ஒரு கோழி அறுக்கணும்னாகூட அவன் பொண்டாட்டிதான் வரணும்.”

சமையலறை வாசற்படியில் இன்கொரோனாத்தா நின்றாள். ஜெரார்தோவின் மனைவி. குள்ளமான உருவம். புதுக் கறுப்புத் துணியில் மடிப்பு இன்னும் கலையவில்லை.

“அப்ப யாரும்மா?” என்றார் அமாத்தோ.

“அதைக் கண்டுபிடிக்கத்தானே உன்னைக் கூப்பிட்டேன். நாளைக் காலையில ஆஸ்பத்திரியிலேருந்து அவரைக் கொண்டாந்துருவாங்க. பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேணும். கொன்னவனும் அதுல ஒருத்தனா நின்னு தோள் குடுத்துறக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு.”

 சொல்லும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நுன்சியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கிழவி உட்காரவில்லை.

“கூடையை முதல்ல பாத்தது நீங்களாம்மா?”

“நான் பூசைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா அவரு உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. யாரு குடுத்ததுன்னேன். யாரோ வெச்சிட்டுப் போனாங்கன்னாரு. நானும் ஒரு வாய் எடுக்கப் போனேன். கையைத் தட்டி விட்டுட்டாரு. ‘உனக்கில்லே, எனக்கு வந்தது’ன்னாரு. நாப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாளும் அப்படிப் பண்ணினதில்லை.”

“அவர் முகம் எப்படி இருந்துது?”

“கண்ணெல்லாம் செவந்து தண்ணி வந்துச்சு. மிளகா காரம்னாரு.”

நுன்சியா தட்டில் மிச்சமிருந்த ஒரே மீனை முகர்ந்து பார்த்தாள். இரண்டு நெத்திலியை முள்ளெடுத்து ஒட்டி, நடுவில் பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்திருந்தது. “இதுல மிளகா வாசனையே இல்லையே பாஸ்” என்றாள்.

அமாத்தோ குளியலறைப் பக்கம் போய்விட்டு வந்தார்.

“கடைசியா எப்ப சவரம் பண்ணினாரும்மா?”

“புதன்கிழமை. அப்புறம் பிளேடு தீந்துபோச்சுன்னாரு.”

“அலமாரியில பிரிக்காத பாக்கெட் இருக்கு.”

இன்கொரோனாத்தா குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“வாசக் கதவுல ஒரு பக்கம் சாத்தியிருக்கே. துக்கத்துக்காக நீங்க சாத்தினதா?”

“இல்ல தம்பி, அது அவரே போன வாரம் சாத்தினது. கீல் போயிருச்சு, தொடாதேன்னாரு.”

நுன்சியா போய் அந்தக் கதவை ஒரு விரலால் தள்ளினாள். சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது. “பாஸ், என் வீட்டுக் கீலும் இப்படிக் கெட்டுப்போனா தேவலை” என்றாள்.

அமாத்தோ கிளாஸில் ஒயினை ஊற்றினார். நல்ல வைக்கோல் மஞ்சள். வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார்.

“இதுதான் எனக்குப் புரியலை. ஜெரார்தோ அடுத்தவன் ஒயினைக் குடிக்க மாட்டாருன்னு ஊருக்கே தெரியும்.”

“கல்யாணத்துக்குப் போனாக்கூடக் கோட்டுப் பையில சொந்த பாட்டிலோடதான் போவாரு” என்றாள் இன்கொரோனாத்தா. அவள் உதட்டோரம் சிரிப்பு வரப்பார்த்து நின்றுவிட்டது.

“அப்படிப்பட்டவருக்கு எவன் ஒயின்ல விஷம் வெப்பான்? மோதெஸ்தினோ வெப்பானா? அவன் பக்கத்துத் தோட்டம். அவனுக்குத் தெரியாதா? ஆனா பாட்டில்ல ஒரு கிளாஸ் குறையுது. ஜெரார்தோ குடிச்சிருக்காரு.”

சொல்லிவிட்டு அவரும் குடித்தார். நுன்சியா கண்ணை மூடிக்கொண்டாள்.

அமாத்தோவின் நாக்கு தூஃபோவில் பிறந்த நாக்கு. இது பழைய கந்தகச் சுரங்கம் இருக்கும் மலை. இந்த மண்ணில் விளையும் கிரேக்கோ திராட்சையின் ஒயினில் தீக்குச்சியை உரசியதுபோல ஒரு வாசனை வந்தே தீரும். உப்பில் காய்ந்த காட் மீனுக்கும் எருமைப்பால் மொசரெல்லாவுக்கும் அதைவிட ஜோடி கிடையாது. இந்த ஒயினில் கிரேக்கோ இருந்தது. பாதாம் கசப்பும், பழுத்த பேரிக்காயும் இருந்தன. கந்தகம் மட்டும் இல்லை. அதன் இடத்தில் உப்பு இருந்தது, கடற்காற்று உப்பு.

“கொடி இந்த ஊர்க் கொடி. மண்ணு வேற ஊர் மண்ணு” என்றார்.

நுன்சியா ஒரு கண்ணைத் திறந்தாள். “உசிரோடதான் பேசறீங்களா?”

“கீரையைத் தின்னு பாரு.”

கூடையில் வேகவைத்த கசப்புக் கீரை இருந்தது. அவள் ஒரு இணுக்கு வாயில் போட்டாள். கிண்டல் முகம் மாறியது. அவளுடைய அம்மா வழி ஆட்கள் கடற்கரைக்காரர்கள்.

“இது உப்பு போட்டதில்லை பாஸ். நெத்திலியை மரத்தொட்டியில உப்போட அடுக்கி, மாசக்கணக்கா விட்டு வடிக்கிற சாறு. கடலோரத்துச் செத்தாரா ஊர்லதான் வடிப்பாங்க. இந்தச் சாப்பாடும் இந்த ஒயினும் ஒரே வீட்டு ஆளுங்க. ஒண்ணா வளந்ததுங்க.”

“ஜெரார்தோ குடிச்சது ஏன்னு இப்பப் புரியுது. அது அடுத்தவன் ஒயின் இல்லை. அவரு கொடி. அம்மா, உங்க தோட்டத்துலேருந்து கொடி வெட்டிக்கிட்டு யாராவது போயிருக்காங்களா?”

இன்கொரோனாத்தா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

“சபினோ” என்றாள். “என் பிள்ளை.”

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரியில் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை. பழத்தை வியாபாரிக்குப் போடாமல் நாமே ஒயினாக்கிப் பாட்டிலில் அடைத்து விற்போம் என்றான் சபினோ. முடியாது என்றார் ஜெரார்தோ. வார்த்தை தடித்தது. “வெளிய போ, என் கொடியைத் தொடாதே” என்றார். மகன் நேராகத் தோட்டத்துக்குப் போனான். ஒரு கட்டுக் கொடியை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றினான். வேறு எதையும் எடுத்துக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை.

“அப்பா கூப்பிட்டாத்தான் வருவேன்னு போனான். இவரு கூப்பிடவே இல்லை. ரெண்டும் ஒரே கல்லு.” அவள் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அவன்தான் அனுப்பியிருக்கான். சமாதானமாப் போயிரலாம்னு அனுப்பியிருக்கான். இவரும் குடிச்சிட்டாரே! பிள்ளை மேல கோபம் போயித்தானே குடிச்சாரு? யாரும் கொல்லலை, இல்லையா தம்பி? சந்தோஷம் தாங்காம போயிட்டாரு.”

எழுந்தவள் அமாத்தோவின் சட்டைக் கையைப் பிடித்தாள். எழுபது வயதுக் கிழவியிடம் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

“போய் அவனைக் கூட்டிக்கிட்டு வா. இப்பவே போ. நாளைக்குப் பெட்டியோட முன்பக்கத்தை அவன்தான் தூக்கணும். அப்பா ஒயினைக் குடிச்சாருன்னு சொல்லு. அது ஒண்ணு சொன்னாப் போதும், வந்துருவான்.”

மலையிறங்கி சலேர்னோவைத் தாண்டும்வரை நுன்சியாதான் வண்டி ஓட்டினாள், அவள்தான் பேசினாள்.

“கேஸ்னா இப்படி இருக்கணும் பாஸ். கொலைன்னு போய், குடும்பத்தைச் சேத்து வெச்சிட்டு வரோம். இன்ஸ்பெக்டர் மூஞ்சியை நினைச்சுப் பாருங்க. மோதெஸ்தினோவை வாய்க்கு மட்டும்தான் உள்ள வைக்கணும்.”

அமாத்தோ சிரிக்கவில்லை.

“என்ன பாஸ்?”

“சமாதானத்துக்கு அனுப்பற பிள்ளை ஒரு பாட்டில் அனுப்புவான். காப்பிக்குச் சர்க்கரை வரைக்கும் வெச்சு ஏன் அனுப்பறான்?”

நுன்சியா வேகத்தைக் குறைத்தாள். வளைவுகளில் மட்டும் கவனமாக இருந்தாள்.

செத்தாராவில் படகுத்துறைப் பக்கம் ஒரு கிழவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து வந்து திராட்சை போட்டவன் வீடு எது என்று நுன்சியா கேட்டாள்.

“மேனா வீடா? அந்தப் படியில ஏறுங்க. நூத்தி அறுபது இருக்கும்.” அவர்களை மேலும் கீழும் பார்த்தார். “தூஃபோவிலேருந்தா? இப்பத்தான் வர்றீங்களா?”

“வழியில டிராஃபிக்” என்றாள் நுன்சியா. கிழவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. வலைக்குத் திரும்பிவிட்டார்.

எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே படி ஏறியது. நூறாவது படியில் அமாத்தோவுக்கு மூச்சு வாங்கியது. “ரெண்டு கிளாஸ் குறைச்சலா குடிச்சிருக்கலாம்” என்று நுன்சியா முதுகில் கை கொடுத்துத் தள்ளினாள். மேலே அடுக்கடுக்காகக் கல் கட்டிய தோட்டம் தெரிந்தது. நான்கு வரிசைக் கிரேக்கோக் கொடி, இலை மஞ்சளித்து நின்றது. ஐந்தாவது அடுக்கின் கல்சுவர் சரிந்து கிடந்தது. அதை யாரும் அள்ளவில்லை.

அதற்குக் கீழே ஒரு சின்ன வெள்ளை வீடு. வாசற்கதவில் ஒரு பக்கம் சாத்தியிருந்தது.

அமாத்தோ நின்றுவிட்டார். படி ஏறிய களைப்பில்லை அது.

“நுன்சியா, ஆம்பளை எப்ப சவரத்தை நிறுத்துவான்? வீட்டுக்கதவை எப்ப பாதி சாத்துவான்?”

“சாவு விழுந்தா...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. “ஐயோ, பாஸ்.”

“கூடை ஒரு நாள் முன்னால வரலை. சரியான வீட்டுக்கு, சரியான நாள்லதான் வந்திருக்கு. அந்த வீட்ல ஏற்கெனவே துக்கம். ஜெரார்தோ ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும். அதான் பொண்டாட்டி கையைத் தட்டி விட்டாரு. பெத்த பிள்ளையோட துக்கச் சாப்பாட்டை அவ தெரியாம தின்னுறக் கூடாதுன்னு.”

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புத் துணி கசங்கியிருந்தது. அதோடேயே படுத்து எழுந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

“அவங்க அப்பா அனுப்பினாரா?” என்று கேட்டாள் மேனா.

நெருப்பை மிதித்தமாதிரி இருந்தது அமாத்தோவுக்கு. தொப்பியைக் கழற்றினார். “உள்ள வந்து சொல்றேம்மா.”

மேனா முதலில் சொன்னாள். வியாழக்கிழமை காலை சபினோ சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மொத்தமும் அவன் மேல் இறங்கிவிட்டது. அவனுடைய பர்ஸில் தூஃபோ வீட்டு நம்பர் இருந்தது. ஒன்பது வருஷமாக வைத்திருந்தான், ஒருமுறைகூடப் பேசியதில்லை. அவள் கூப்பிட்டாள். அப்பாதான் எடுத்தார்.

“நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்லைங்க. லைன் போயிருச்சோன்னு நினைச்சேன். சனிக்கிழமை அடக்கம், வாங்கன்னேன். அதுக்கு அவரு, ‘கொடி எப்படி இருக்கு’ன்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல போனை வெச்சுட்டேன்.”

“அடக்கத்துக்கு யாரும் வரலை” என்றார் அமாத்தோ.

“வரலை. நான் கல்யாணம் கட்டாதவ, அதான் வரலைன்னு நினைச்சேன். ஆனா அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். என் கொடியைத் தொடாதேன்னு துரத்தினவரு கேட்ட கேள்வி அது. பிள்ளையைப் பத்திக் கேக்க வாய் வரலைன்னா மனுஷன் வேற எதைக் கேப்பான்? பதில் சொல்லணும்னு தோணுச்சு. சபினோ எடுத்த ஒயின்ல ஒரு பாட்டிலை வெச்சேன். சமைச்சேன். ஞாயித்துக்கிழமை பஸ் பிடிச்சுப் போனேன். கதவு பாதி சாத்தியிருந்துது. சரி, ஊரறிஞ்ச துக்கம்தான்னு கூடையை வெச்சிட்டு வந்துட்டேன். துக்க வீட்ல நின்னு பேசக் கூடாதில்ல? குடிச்சாரா?”

“ஒரு கிளாஸ் குடிச்சாரும்மா” என்றார் அமாத்தோ. மிச்சத்தையும் சொன்னார். மேனா முகத்தை மூடிக்கொண்டாள். நுன்சியா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். 

கீழே இறங்கியதும் நுன்சியா மதுக்கடைப் போனிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். மோதெஸ்தினோவை விட்டுவிடுவதாக அவர் சொன்னார். காரின் பின்சீட்டில் மேனா ஏறி உட்கார்ந்தாள். வா என்று யாரும் சொல்லவில்லை. மலை ஏறும் வழியெல்லாம் இன்கொரோனாத்தாவிடம் சொல்ல அமாத்தோ மனதுக்குள் ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டே வந்தார். கொலைகாரனை எதிரில் வைத்துப் பேசியிருக்கிறார், நீதிபதியிடம் பேசியிருக்கிறார். இதற்கு வார்த்தை கிடைக்கவில்லை.

தூஃபோவில் நாலு மணி வெயில். ஜெரார்தோ வீட்டுக்கு எதிரே பெண்கள் கூடிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். காரணம், அந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை. புருஷன் செத்து இரண்டு நாள் ஆகவில்லை, இவள் அடுப்பு மூட்டியிருக்கிறாள். 

கதவை இரண்டு பக்கமும் திறந்து வைத்துவிட்டு இன்கொரோனாத்தா வாசலுக்கு வந்தாள். கையில் கரண்டி. முகம் கழுவித் தலை வாரியிருந்தாள். கிரேக்கோ ஊற்றிக் கோழி வேகும் வாசனை தெருவரைக்கும் வந்தது.

“மோதெஸ்தினோ பொண்டாட்டிதான் கோழியை அறுத்துக் குடுத்தா. சபினோவுக்குப் பிடிக்கும்” என்றாள் காரைப் பார்த்து.

அமாத்தோ இறங்கினார். நுன்சியா இறங்கினாள். பின்கதவு திறந்து மேனா இறங்கினாள். இன்கொரோனாத்தா அவளுக்குப் பின்னால் சீட்டைப் பார்த்தாள். இன்னும் யாராவது இறங்குகிறார்களா என்று குனிந்தே பார்த்தாள். பிறகு மேனாவின் துணியைப் பார்த்தாள். தன்னுடையது இரண்டு நாள் கறுப்பு. மேனாவின் கறுப்பு இன்றைக்கு நேற்று உடுத்தியதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அமாத்தோ வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தி வேண்டாம் என்றாள்.

“எப்போ?” என்று மேனாவிடம் கேட்டாள்.

“வியாழக்கிழமை.”

அவள் உதடு எண்ணியது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு.

“நாலு நாள்” என்றாள். “பாவி மனுஷா, நாலு நாள் தனியாவா அழுதே? என்கிட்ட சொல்லி அழுதிருந்தா நீயாவது இருந்திருப்பியே.”

 நுன்சியா வாயில் கையை வைத்து அழுதுகொண்டிருந்தாள். இன்கொரோனாத்தா படியிறங்கி வந்து மேனாவின் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்தினாள்.

“நீ அவனுக்கு யாரு?”

“கூட இருந்தேம்மா. ஏழு வருஷம்.”

“உனக்கு யாராவது கொண்டாந்து வெச்சாங்களா? சாப்பாடு?”

மேனா இல்லை என்று தலையாட்டினாள். கல்யாணம் கட்டாத வீட்டுக்குக் கூடை வராது.

இன்கொரோனாத்தா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மேசையில் மகனுக்காகத் தட்டு வைத்திருந்த இடத்தில் உட்கார வைத்தாள். கோழியை எடுத்துத் தட்டில் போட்டு, ரொட்டியைப் பிய்த்துக் கையில் கொடுத்தாள். மேனா முதல் வாயை விழுங்க முடியாமல் திணறியபோது முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“தின்னு” என்றாள். “துக்கப்பட்டவளைப் பட்டினி போடறது எங்க வீட்ல வழக்கமில்லை.”

மேனா தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.